எந்த நிறம்? – வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்தவள். கண் மங்கிய என் ஆயாவுக்கு உங்கள் கட்டுரைகளை வாசித்துக் காட்டியே எனக்குத் தமிழ் வாசிப்பு வந்தது. இப்போது ஐரோப்பாவில் நிலவரைபடவியலில் முதுகலை படிக்கிறேன். நான்கு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் படிப்பு இது. முதல் பருவம் மியூனிக், இரண்டாவது வியன்னா, மூன்றாவது டிரெஸ்டன். கடைசிப் பருவத்தில் ஆய்வேடு. எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகையில் வந்தேன்.

இங்கே டர்பன் நகர மக்கள்தொகையை ஒரு வரைபடமாகச் செய்தேன். நூறு பேருக்கு ஒரு புள்ளி. 2011 கணக்கெடுப்பில் உள்ள இனப்பிரிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். பேராசிரியர் பாராட்டினார். மாணவர் கண்காட்சிக்கும் தேர்வாகியிருக்கிறது. படத்தை இணைத்துள்ளேன். ஆனால் இந்தியருக்கு எந்த நிறம் கொடுப்பது என்று வகுப்பில் பெரிய விவாதம். நான் மஞ்சள் கொடுத்தேன், நம் மஞ்சள் என்று நினைத்து. வெள்ளைத் தாளில் எடுபடாது என்கிறார்கள். காவி கொடுத்தால் மதம் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் என்ன நிறம் சொல்வீர்கள்?

இன்னும் சில கேள்விகள். ஆய்வேட்டை வியன்னாவில் செய்வதா, நெதர்லாந்தின் என்ஸ்கெடேயில் செய்வதா? கைப்பேசியிலேயே வரைபடம் இருக்கும்போது இதைப் போய் யார் படிப்பார்கள் என்கிறார் மாமா. அவருக்கு என்ன பதில் சொல்வது? இத்துறைச் சொற்களைத் தமிழில் ஆக்க முயலலாமா? இங்கே குளிர் அதிகம். ஆயாவின் சமையல் நினைவாகவே இருக்கிறது.

அன்புடன்,
ச., டிரெஸ்டன்

அன்புள்ள ச.,

ஒற்று மிகும் இடத்திலெல்லாம் தடுமாறுகிறாய். போகட்டும். டர்பனில் இவ்வளவு நீளமாகத் தமிழில் கடிதம் எழுதக்கூடியவர்கள் எல்லோரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம். அதில் உனக்கு ஜன்னலோர இருக்கை உண்டு.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாமாவுக்குப் பதில் எதுவும் வேண்டாம். கடையில் சோறு விற்கிறார்கள் என்பதற்காக ஆயா உலையை அணைத்துவிட்டாரா என்று மட்டும் கேள். கலைச்சொல் செய்கிறேன் என்று இப்போதே இறங்காதே. முதலில் ஒற்றைச் சரிசெய். குளிருக்கு நல்ல கம்பளிச் சட்டை வாங்கிக்கொள், உதவித்தொகையைக் கஞ்சத்தனமாகச் சேர்த்துவைக்காதே. பருப்பும் சோறும் வைக்கத் தெரியாமல் ஊர் ஊராகப் படிக்கப் போயிருக்கிறாய் என்றால் குற்றம் உன் ஆயாவுடையது. அவரிடம் நான் சொன்னதாகச் சொல்.

நிறத்துக்கு வருகிறேன். வேறு வாரம் என்றால் ஒரே வரியில் பதில் எழுதியிருப்பேன்: மஞ்சள் வேண்டாம், கண்ணைக் கூசுகிறது. ஆனால் உன் கடிதம் வந்த வாரம் நான் புத்தகங்களை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தேன். டர்பன் ஈரத்தில் புத்தகம் வைத்திருப்பவனுக்கு இது வருடாந்தர வேலை. அடியில் கிடந்தது பாடசாலைக் காலத்துத் தமிழ் வாசிப்புப் புத்தகம் ஒன்று. அதன் காகித அட்டை மடிப்பில் கிழிந்திருந்தது. பிரித்துப் பார்த்தேன். பிரித்ததை அன்று முழுவதும் என்னால் திரும்ப மடிக்க முடியவில்லை.

என் அப்பா சங்கிலிக்காரர். நில அளவை செய்யும் அலுவலகம் ஒன்றில் வாழ்நாள் முழுவதும் வேலை செய்தார். சங்கிலி என்றால் கண்டர் சங்கிலி, 66 அடி, நூறு கண்ணி. அப்பா வேலையில் சேர்ந்தபோதே அதற்குப் பதில் எஃகு நாடா வந்துவிட்டது. ஆனாலும் வேலையின் பெயர் மாறவில்லை. நாடாவின் முனையை இழுத்துக்கொண்டு முட்புதருக்குள் நுழைவது, முளை அடிப்பது, சிவப்பும் வெள்ளையும் பூசிய கோலை ஆடாமல் பிடித்துக்கொண்டு நிற்பது, இதுதான் வேலை. தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவிக்குப் பின்னால் நின்று பார்ப்பவர் வெள்ளைக்காரர். அந்தக் காலத்துக் கருவியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். “துரையின் கண்ணுக்கு நான் முப்பது வருடமாகத் தலைகீழாகத்தான் நிற்கிறேன்” என்று சொல்லிச் சிரிப்பார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. எண்கள் தெரியும். 66 அடித் தூரத்தை 24 எட்டு வைத்து நடப்பார். நாடா வைத்துப் பார்த்தால் ஒரு சாண் கூடக் குறைய இருக்கும், அவ்வளவுதான்.

அலுவலகத்தில் கழித்துப்போட்ட படப் பிரதிகளை வீட்டுக்குக் கொண்டுவருவார். அம்மோனியா வாடை அடிக்கும் கனத்த தாள். பிள்ளைகளின் புத்தகங்களுக்கெல்லாம் அதில்தான் அட்டை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் போட்டுக் கொடுப்பார். பாடசாலையில் எங்கள் தெருப் பிள்ளைகளை வாடையை வைத்தே வாத்தியார் கண்டுபிடித்துவிடுவார்.

1958ஆம் ஆண்டு எனக்குப் பதினொரு வயது. நாங்கள் கேட்டோ மேனரில் இருந்தோம். மரமும் தகரமுமாக ஒரு வீடு, பின்னால் தனியாக அடுப்படி, சரிவில் கீரைப் பாத்திகள், இரண்டு மாமரம். ஒரு நாள் மாலை வாத்தியார் வரும்வரை புத்தகத்தின் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெல்லேர் சாலை என்று எழுதியிருந்தது. அட, நம் சாலை! விரலை வைத்துக்கொண்டே போனேன். வளைவு, ஓடை, அதற்கு மேல் சின்னச் சின்னக் கட்டங்கள். அதில் ஒன்று நம் வீடு. பக்கத்தில் இன்னொரு சிறு கட்டம், அது அடுப்படி. மாமரம் இல்லை. கீரைப் பாத்தி இல்லை. ஓடைக்கு அப்பால் குடிசை போட்டிருந்த சுலுக் குடும்பங்கள் இருந்தன. அவற்றுக்கு ஒரு கோடுகூட இல்லை. எல்லாவற்றின் மேலும் சாய்கோடுகள். ஓரத்தில், ‘உத்தேசம்’ என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் சொல்.

வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவிடம் காட்டினேன். “அப்பா, நம் வீடு படத்தில் வந்திருக்கிறது.” அவர் புத்தகத்தை விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். “நான் கோல் பிடித்த இடம்தான்” என்றார். “இந்தக் கோடெல்லாம் என்ன?” என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் அட்டை திருப்பிப் போடப்பட்டிருந்தது. படம் உள்ளே, வெற்றுப் பக்கம் வெளியே. அதன் மேல் என் பெயரைத் தன் கையால் தமிழில் எழுதியிருந்தார்.

அந்த அட்டையைத்தான் போன வாரம் பிரித்தேன். அறுபது ஆண்டுகளுக்கும் மேல் ஆகியும் வாடை லேசாக இருந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

இப்போது உன் படம். பேரன் அதைக் கணினியில் பெரிதாக்கிக் காட்டினான். அழகாக இருக்கிறது. பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அழகு. கடற்கரையோரம் ஒரு நிறம், மேட்டில் ஒரு நிறம், தெற்கே சாட்ஸ்வர்த்தில் மஞ்சள் அப்பிக்கிடக்கிறது, வடக்கே பீனிக்ஸில் இன்னொரு மஞ்சள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் உம்லாசியில் வேறு நிறம். ஒரு தேர்ந்த கோலம் மாதிரி. அந்த அழகில்தான் எனக்கு வயிறு எரிந்தது. இதைப் பார்க்கும் ஜெர்மன் மாணவன் என்ன நினைப்பான்? பறவைகள் கூட்டம் கூட்டமாக மரத்தில் அடைவது போல, இந்த ஊர்க்காரர்கள் அவரவர் ஆட்களோடு போய்ச் சேர்ந்து குடியிருக்கிறார்கள் என்று நினைப்பான். நீயும் உன் விளக்கத்தில் அப்படித்தானே எழுதியிருக்கிறாய், ‘குடியேற்றப் போக்கு’ என்று? யார் குடியேறினார்கள்? எந்தப் போக்கு? உன் ஆயாவிடம் ஒரு தரம் கேட்டிருக்கலாம் இல்லையா? அவர் சாட்ஸ்வர்த்துக்குப் போனது போக்கிலா, லாரியிலா?

அந்தப் புள்ளிகள் தாமாக விழவில்லை, பெண்ணே. உனக்குச் சொல்லிக்கொடுப்பது ஊரைப் பார்த்துப் படம் வரைகிற வித்தை. இங்கே நடந்தது நேர்மாறு. முதலில் படத்தை வரைந்தார்கள். பிறகு படத்துக்குத் தகுந்தபடி ஊரை மாற்றினார்கள். 1950இல் குழுப் பகுதிச் சட்டம் வந்தது, இன்ன இனம் இன்ன பகுதியில்தான் குடியிருக்கலாம் என்று. 1958இல் டர்பனுக்கான பகுதிகளை அறிவித்தார்கள், கேட்டோ மேனர் வெள்ளையருக்கு என்று. உன்னுடையது போலவே ஒரு படம், ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு பகுதி. வித்தியாசம் ஒன்றுதான். அது வரையப்பட்டபோது ஆட்கள் அந்த இடங்களில் இல்லை. எல்லைக்கு ஆறுகளையும் மேடுகளையும் ரயில் பாதைகளையும் தேடிப் பிடித்தார்கள். சாட்ஸ்வர்த்தையே எடுத்துக்கொள். வடக்கே உம்லத்துசானா ஆறு, தாண்டினால் வெள்ளையர் பகுதி. தெற்கே உம்லாஸ் ஆறு, தாண்டினால் ஆப்பிரிக்கர் பகுதி. தண்ணீர் கொடுக்க வேண்டிய ஆற்றைச் சுவராக்கினார்கள். சின்ன வயதில் அந்த ஆற்றங்கரையில் நீ விளையாடியிருப்பாய். அது வேலி என்று யாராவது சொன்னார்களா?

எங்களுக்கு லாரி வர ஆறு ஆண்டு ஆயிற்று. 1964இல் வந்தது. சாட்ஸ்வர்த்தில் அப்போது தெருக்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். எங்கள் தெரு எழுநூற்றுச் சொச்சம். அம்மாவுக்கு அந்த எண் கடைசிவரை ஆங்கிலத்தில் வாயில் நுழையவில்லை. கூடைக்காரப் பாட்டி தெரு, காவடி எடுக்கிறவர் வீட்டுத் தெரு, பஸ் திரும்ப முடியாத தெரு என்று பெண்களாகவே பெயர் வைத்துக்கொண்டார்கள். முதல் நாள் இரவு அப்பா புது மனையின் ஓரத்தில் எட்டு வைத்து நடந்தார். ஒரு பக்கம் முடித்து மறு பக்கம் திரும்பியவர் பாதியில் நிறுத்திவிட்டார். எத்தனை எட்டு என்று கேட்டேன். “எண்ணவில்லை” என்றார். எண்ணாமல் நடக்கத் தெரியாத மனிதர் அவர்.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஐயா இனவாரிப் படமே கூடாது என்கிறார் என்று பேராசிரியரிடம் போய்ச் சொல்லாதே. நான் அப்படிச் சொல்லவில்லை. எண்ணாமல் விட்டால் குழாய்த் தண்ணீர் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று எப்படித் தெரியும்? 1991இல் அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டார்கள். ஆனால் சட்டம் போன பிறகும் மஞ்சள் அதே இடத்தில்தான் அப்பிக்கிடக்கிறது. இதை உன் படத்தைப் போல எவராலும் காட்ட முடியாது. ஆகவே படம் இருக்கட்டும். குறிவிளக்கத்தில்தான் எனக்குச் சண்டை. நிறத்துக்குப் பக்கத்தில் ‘இந்தியர்’ என்று மட்டும் போட்டு நிறுத்திவிட்டாய். 1950, 1958 என்ற இரண்டு எண்ணை அங்கேயே போடு. கீழே பொடி எழுத்தில் இல்லை, நிறத்தின் பக்கத்தில். பழைய எல்லைக்கோட்டை மெல்லியதாகப் புள்ளிகளுக்கு மேல் வரை. பார்ப்பவன் தானே கேட்பான், ஏன் இந்தப் புள்ளிகள் கோட்டைத் தாண்டவில்லை என்று. அப்புறம் மஞ்சளோ பச்சையோ, எதை வேண்டுமானாலும் பூசிக்கொள். உன் நண்பர்கள் நிறத்தை விவாதித்த நேரத்தில் யாராவது ஒருவர் ஆண்டைக் கேட்டிருக்கலாம்.

இன்னொன்று. நூறு பேருக்கு ஒரு புள்ளி வைத்துக் கணினியிடம் விட்டால் அது விதை தெளிப்பது போல வட்டாரத்துக்குள் கண்ட இடத்தில் தெளிக்கும், தெரியும். ஆனாலும் எங்கள் ஆட்களில் ஆயிரம் பேரையாவது நீ ஆற்றுக்குள் போட்டிருக்கிறாய். பேரன் எண்ணிப் பார்த்தான், பத்துப் புள்ளி. இன்னும் சிலரை மயானத்தில் குடிவைத்திருக்கிறாய். அது ஒருவகையில் சரிதான், என் அப்பாவும் அம்மாவும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் கணக்கெடுப்பில் அவர்கள் வரமாட்டார்கள்.

அதைவிடப் பெரிய தவறு கோயில். உம்பிலோ அம்பலவாணர் ஆலயத்துக்கு ஒரு சின்னக் கோபுரம் வரைந்திருக்கிறாயே, அதை உம்பிலோ ஆற்றங்கரையில் வைத்திருக்கிறாய். பெயரைப் பார்த்து இடத்தை வைத்தாயா? 1875இல் அங்கேதான் கட்டினார்கள். 1905இல் வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போய்விட்டது. இப்போதைய கோயில் 1947இல் கேட்டோ மேனரில், பெல்லேர் சாலையில் எழுந்தது. ஊரை விட்டு வந்தவர்கள் ஊர்ப் பெயரை விடாமல் கூடவே எடுத்துவந்தார்கள். நான் பிறந்த வருடமும் 1947தான். எனக்கும் கோயிலுக்கும் ஒரே வயது என்று அம்மா சொல்வார். ‘செகண்ட் ரிவர்’ கோயில் என்றால்தான் பழைய ஆட்களுக்குத் தெரியும். வீடுகளை எல்லாம் இடித்துத் தள்ளிய பிறகும் அந்தச் சரிவில் பல இடங்கள் ஆண்டுக்கணக்காக ஆளில்லாமல் புதர் மண்டிக் கிடந்தன. கோயில் மட்டும் நின்றது. புனித வெள்ளியன்று விடுமுறை என்பதால் அன்றுதான் தீமிதி. சாட்ஸ்வர்த்திலிருந்து பஸ் பிடித்துப் போவோம். மனிதர்கள் வாழாத ஊரில் திருவிழாவுக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் ஆட்கள். தீக்குழிக்கு வரிசையில் நிற்கும்போது அப்பா மெதுவாகக் கை நீட்டிக் காட்டுவார்: அந்த மாமரம் நம்முடையது. உன் படத்தில் அந்த இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லாத வெள்ளை இருக்கிறது பார், அதற்கு நடுவில்தான் கோயில் இருக்க வேண்டும். வெள்ளையை ஆளில்லாத நிலம் என்று நினைத்துவிட்டாய்.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. உன் மேல் இல்லை. சரி, கொஞ்சம் உன் மேலும்தான்.

ஒரு பழைய கதை சொல்கிறேன். 2003 ஆகஸ்டில் உலகத்து வரைபடக்காரர்கள் எல்லாம் மாநாடு கூட டர்பனுக்கு வந்தார்கள். அந்த வாரம் கடற்கரைச் சாலையில் ஒருவர் என்னை நிறுத்தினார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஏதோ இலவசச் சுற்றுலா வரைபடம். சாட்ஸ்வர்த்துக்கு எந்த பஸ் என்று கேட்டார். அவருடைய தாளில் சாட்ஸ்வர்த் இருக்க வேண்டிய மூலையில் ஒரு விடுதியின் விளம்பரம் இருந்தது. உலகத்துக்கே படம் போடுகிறவர் என்னிடம் வாயால் வழி கேட்டுக்கொண்டு போனார். அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சம் அற்பமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தென்னாப்பிரிக்க ஆயத்தொலைவுகள் வடக்கே ஏறாமல் தெற்கு நோக்கிக் கூடிக்கொண்டு போவதைப் பார்த்து வகுப்பில் சிரிப்பார்கள். இன்னும் சிரிக்கவில்லை என்றால் இனிமேல் சிரிப்பார்கள். உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளில் கொண்டுவரும் காஸ் வீழலில் இரண்டு பாகைக்கு ஒரு பட்டை, டர்பனுக்கு நடுக்கோடு 31ஆம் தீர்க்கரேகை, அது ஊருக்குள்ளேயே போகிறது. அப்பா இதை விரலால் மண்ணில் கிழித்துச் சொல்லிக்கொடுத்தார்: மேற்கே போனால் ஒரு எண் கூடும், தெற்கே போனால் இன்னொன்று கூடும். பிற நாடுகளில் இது நேர்மாறு என்று பின்னால் யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். தென்புலத்தாரை நோக்கி எண் வளர்கிற நாட்டில் பிறந்தவள் நீ, அதற்காக வெட்கப்படாதே. தொலைவை நுண்ணலையால் அளக்கும் டெல்லுரோமீட்டரும் இந்த நாட்டில் பிறந்ததுதான். வாட்லி என்ற பொறியாளர் செய்தார், 1957இல் அது வெளியே வந்தது. அது வந்ததும் சங்கிலிக்காரர் வேலை போய்விடும் என்று பேசிக்கொண்டார்களாம். போகவில்லை. அந்தப் பெட்டியையும் யாராவது மலை மேல் தூக்கிக்கொண்டு போக வேண்டுமே. அப்பா தூக்கினார்.

அந்த அலுவலகம் வெளியிட்ட எந்தப் படத்திலும் அளந்தவரின் பெயர் உண்டு, வரைந்தவரின் பெயர் உண்டு. கோல் பிடித்தவர் பெயர் இல்லை. இருந்திருந்தால் எனக்குப் பெருமையாக இருந்திருக்குமா, வெட்கமாக இருந்திருக்குமா என்று இந்த ஒரு வாரமாக யோசிக்கிறேன். தன் வீட்டின் மேல் விழப்போகிற கோட்டுக்கு ஆடாமல் கோல் பிடித்தவர் அவர். ஆடியிருந்தால் அன்றைய கூலி போயிருக்கும், கோடு வேறொருவன் கோலில் விழுந்திருக்கும்.

நீ கேட்டது வியன்னாவா, என்ஸ்கெடேயா என்று. மறந்துவிட்டேன், மன்னித்துக்கொள். என்ஸ்கெடேயில் உள்ள அந்தப் பள்ளி 1950இல் டெல்ஃப்டில் தொடங்கி 1971இல் இடம் மாறியது. வளரும் நாட்டுக்காரர்களுக்கு வான்படத்திலிருந்து வரைபடம் செய்யக் கற்றுக்கொடுப்பதற்கென்றே ஆரம்பித்தார்கள். அதே 1950! இங்கே ஒரு சட்டம், அங்கே ஒரு பள்ளி. ஒரே வருடத்தில் பிறந்த அந்த இரண்டையும் சேர்த்துவைக்கலாம் என்று எனக்கு ஆசை. ஆனால் வியன்னாவில் பூகோள உருண்டைகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறதாம். எனக்கு அந்த வயதில் அது கிடைத்திருந்தால் அங்கிருந்து நகர்ந்திருக்கமாட்டேன். வழிகாட்டி எந்த ஊரில் நன்றாக அமைகிறாரோ அங்கே போ. கிழவனிடம் கேட்டு முடிவுசெய்யாதே.

தலைப்பு மட்டும் நான் சொல்கிறேன், நீ கேட்கவில்லை என்றாலும். டிசம்பரில் ஊருக்கு வருவாய் இல்லையா? சாட்ஸ்வர்த்தில் எண் போட்ட தெருக்களுக்குப் பெண்கள் வைத்த பெயர்களைச் சேகரி. உன் ஆயாவுக்கு முப்பது பெயராவது தெரியும். எனக்கு ஒரு பதினைந்து. மற்றவை தெரிந்தவர்கள் வேகமாகக் குறைந்துகொண்டு வருகிறார்கள், சென்ற ஆண்டு மட்டும் என் வயதுக்காரர் நான்கு பேரின் காரியத்துக்குப் போய்வந்தேன். சுலுக்காரக் கிழவிகளையும் கேள். கேட்டோ என்பது டர்பனின் முதல் மேயரின் பெயர். அவர்களுக்கு அது உம்கும்பானே. ஓடைக்கு அப்பால் கோடே இல்லாமல் விட்டார்களே, அந்தக் குடிசைகளுக்கு நடுவே போன பாதைகளுக்கும் பெயர் இருந்திருக்கும்.

கண்காட்சி எந்தத் தேதி என்று நீ எழுதவில்லை. எதுவானாலும் அதற்கு முன் கோயிலை நகர்த்து. பழைய பெல்லேர் சாலை, மேல் பக்கம். ஆற்றில் கிடக்கும் பத்துப் புள்ளியையும் கரையேற்று. முடித்ததும் பெரிய தாளில் ஒரு பிரதி அனுப்பு. பேரன் கணினியில் காட்டினால் எனக்குத் தலை சுற்றுகிறது.